‘எனி ஒப்பீனியன்?’ என்ற கேள்விக்குப் பவளம் சொன்ன பதில்

நீங்கள் பொய் எழுதியிருக்கிறீர்கள்.

எங்கள் மிதிவெடி அகற்றும் நிறுவனத்தின் முடிவறிக்கையைக் கொழும்பில் இருந்து எழுதியவரே, உங்களுக்குத்தான் சொல்கிறேன். அறிக்கையின் நடுவில், வேலை முறைகள் பற்றிய பகுதியில் ஒரு வசனம் இருக்கிறது. நிலத்தை விடுவிக்கும் தீர்மானங்களில் கள ஊழியர்கள் ஒருபோதும் மாற்றுக் கருத்துச் சொன்னதில்லையாம். ஆகவே காலைக் கூட்டத்தில் அவர்களிடம் கருத்துக் கேட்கிற நடைமுறையை அடுத்த வேலைத்திட்டத்தில் எடுத்துவிடலாமாம்.

ஒருபோதும் என்று எப்படி எழுதினீர்கள்? அன்று கூடாரத்தில் மேலதிகாரிக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து குறிப்பு எடுத்தவர் நீங்கள். கள ஊழியர் பவளம் எழுந்து நின்றபோது உங்கள் பேனை நின்றது. அதை நான் பார்த்தேன்.

நான் யார் என்று மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். முரசுமோட்டையில் இருக்கிறேன். அந்த நிறுவனத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்து, அறுபது வயதில் நின்றவன். வேலைக்காரர் என்னை ‘ட்ரான்ஸ்லேட்டர் அண்ணை’ என்பார்கள். போன கிழமை, இப்போதும் வேலையில் இருக்கிற இரண்டு பேர் சைக்கிளில் வந்து, கைத்தொலைபேசியில் இந்த அறிக்கையைக் காட்டி, “அண்ணை, இதில எங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கு, வாசிச்சுச் சொல்லுங்கோ” என்றார்கள். வாசித்தேன். சொன்னேன். அவர்கள் போன பிறகு எழுதத் தொடங்கினேன்.

அந்த வேலைக்கு முன்பு நான் கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞன். போர் முடிந்து முகாமில் இருந்து ஊர் திரும்பியபோது சங்கமும் இல்லை, கட்டடமும் இல்லை. ஆங்கிலம் தெரிந்தவர் தேவை என்றார்கள், போனேன். மொழிபெயர்ப்பாளனுக்கும் அதே ஆறு கிழமைப் பயிற்சிதான். மண்ணில் முழங்காலில் நின்றேன், வியர்த்தேன், பயந்தேன், சான்றிதழ் தந்தார்கள். பயிற்சி பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

வேலையைப் பற்றிச் சொல்ல இருக்கிறது. காலை ஐந்தரைக்கு லொறி வரும். களத்துக்குப் போனதும் முதலில் கருவிச் சோதனை. தெரிந்த ஆழத்தில் புதைத்து வைத்த ஒரு துண்டு இரும்பின் மேல் ஒவ்வொருவரும் தன் கருவியைப் பிடித்துச் சத்தம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு கூட்டம். பிறகு கவசம், முகக் கண்ணாடி. ஒவ்வொருவருக்கும் ஒரு மீற்றர் அகலமான ஒழுங்கை. குறுக்கே ஒரு தடி கிடக்கும். தடிக்கு இந்தப் பக்கம் உயிர், அந்தப் பக்கம் தெரியாது. நீளப் பிடி போட்ட வாரியால் மண்ணை விரற்கடை விரற்கடையாக இழுத்துப் பார்த்து, சுத்தம் என்றால் தடியை ஒரு சாண் முன்னே தள்ள வேண்டும். ஐம்பது நிமிடம் வேலை, பத்து நிமிடம் ஓய்வு. பங்குனி வெயிலில் ஒரு பெண் ஒரு நாள் முழுக்க முன்னேறுகிற தூரத்தை ஒரு கோழி நாலு எட்டில் கடந்துவிடும். நான் பல வருடம் பார்த்தும் எனக்கு அந்தப் பிரமிப்புத் தீரவில்லை. கவனம் என்றால் என்னவென்று தெரியாமல் நாற்பத்தைந்து வயது வரைக்கும் இருந்திருக்கிறேன் என்று அங்கேதான் தெரிந்தது.

மேலதிகாரி வெளிநாட்டுக்காரர். ஆறரை அடி உயரம். நாங்கள் நெட்டையர் என்போம். கெட்டவர் இல்லை. கோபம் வந்தால் குரலைக் குறைப்பார். மிகக் கோபம் வந்தால் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைப்பார். சட்டைப் பையில் ஒரு சின்னக் கொப்பி. யார் என்ன சொன்னாலும் அதில் எழுதுவார். களத்தில் எல்லாருக்கும் பிறகே தண்ணீர் குடிப்பார். காலைக் கூட்டத்தை ஒவ்வொரு நாளும் ஒரே கேள்வியோடு முடிப்பார்: “எனி ஒப்பீனியன்?” யாருக்காவது கருத்து இருக்கிறதா என்று.

இருபத்துநாலு பேரும் ஒரே குரலில், “நோ சேர்!”

அது பதில் இல்லை, பழக்கம். பள்ளிக்கூடத்தில் வரவு கூப்பிட்டால் குரல் கொடுப்பது மாதிரி. கேள்வியின் பொருள் பலருக்குத் தெரியாது. ‘வேலையைத் தொடங்குவோமா’ என்று கேட்கிறார் என்றே கனபேர் நினைத்திருந்தார்கள். நானும் திருத்தவில்லை. கூட்டம் நேரத்துக்கு முடிந்தது. அது எனக்குப் போதும்.

இப்போது என் பிழையைச் சொல்கிறேன். தமிழில் நான் வாய்க்காரன். ஊரில் கேட்டுப் பாருங்கள். ஆங்கிலத்தில் நான் வேறு ஆள். அந்த மொழியை நான் கடிதம் எழுதப் பழகினேன், விண்ணப்பிக்கப் பழகினேன், நன்றி சொல்லப் பழகினேன். மறுக்கப் பழகவில்லை. ஒருமுறை முகக் கண்ணாடிகள் எல்லாம் கீறல் விழுந்து போயிருந்தன. வேலைக்காரர் என்னிடம், “அண்ணை, இதைப் போட்டால் மண்ணும் தெரியேல்லை, கல்லும் தெரியேல்லை. மாத்தித் தராட்டி நாளைக்குப் போடமாட்டம் எண்டு சொல்லுங்கோ” என்றார்கள். நான் நெட்டையரிடம் போய், வசதிப்படும்போது கண்ணாடிகளைப் பற்றி யோசித்தால் ஊழியர் மிகவும் நன்றியுடையவர்களாக இருப்பார்கள் என்றேன். அவர் கொப்பியில் எழுதினார். புதுக் கண்ணாடி வர ஐந்து மாதம் போனது. ஐந்து மாதம் அவர்கள் கீறல் வழியாக மிதிவெடி தேடினார்கள். காரணம் நான்.

பவளம் எங்கள் மூன்றாம் அணியில் இருந்தார். தாய் தகப்பன் மலையகத்தில் இருந்து வந்து கனகராயன்குளத்துப் பக்கம் காடு வெட்டிக் குடியேறியவர்கள். பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு சரி. கணவன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற ஒப்பந்தத்தில் வேலை. புதுப்பிக்காவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. எல்லாருக்கும் தெரிந்த விசயம்.

ஓய்வு நேரத்தில் மற்றவர்கள் கதைத்துச் சிரிப்பார்கள். பவளம் வேலைக் கைநூலை வைத்துக்கொண்டு இருப்பார். இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் தமிழ். விரலை இங்கே வைத்து, அங்கே வைத்து, வாய்க்குள் சொல்லுவார். அணியில் மும்தாஜ் என்று முல்லைத்தீவுப் பிள்ளை ஒன்று. அவளுக்குப் பகிடி நிற்காது.

“பவளக்கா, லண்டனுக்குப் போற பிளானோ?”

“லண்டனுக்குப் போறதெண்டால் உன்னைப் பாசலாக் கட்டிக்கொண்டுதான் போவன். இப்ப வாயை மூடு.”

நான் ஒருமுறை, “வேணுமெண்டால் நான் சொல்லித் தாறன்” என்றேன். பவளம் கைநூலில் இருந்து கண்ணை எடுக்காமல், “வேண்டாம் அண்ணை” என்றார். ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

அந்த வருடம் ஆனையிறவுக்குத் தெற்கே ஒரு வயற்பரப்பில் வேலை. ஒரு நீண்ட மிதிவெடி வரிசை வந்தது. வரிசை என்றால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஒரே இடைவெளி. ஒன்று கிடைத்தால் அடுத்தது எங்கே என்று தடி வைத்து அளந்து சொல்லலாம். நடுவில் ஐந்து இடம் வெறுமையாக இருந்தது. இருக்க வேண்டிய இடத்தில் மிதிவெடி இல்லை. யாரோ முன்பே எடுத்துவிட்டார்கள் என்று நெட்டையர் முடிவு செய்தார். அப்படி நடப்பதுண்டு. அதற்குக் கீழே, வாய்க்கால் வளைகிற இடத்தில் ஒரு துண்டு நிலம். அங்கே மிதிவெடிக்கு அடையாளம் எதுவும் இல்லை என்பதால் தோண்டாமலே விடுவிக்கலாம் என்றார். விதிப்படி அதுவும் சரி. ஒன்பது குடும்பம் காலபோக நெல் விதைப்புக்கு அந்தக் காணியைக் காத்துக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் கூட்டத்தில் ‘நோ சேர்’ சொல்லி முடிந்த பிறகு, பவளம் என்னிடம் தமிழில் சொன்னார். “அண்ணை, சேரிட்டச் சொல்லுங்கோ. அந்த வளைவை விடேலாது. அந்த அஞ்சையும் ஆக்கள் எடுக்கேல்லை, வெள்ளம் எடுத்திருக்கு. அது பிளாஸ்ரிக், பாரமில்லை. வெள்ளம் கொண்டுபோனது எல்லாம் அந்த வளைவிலதான் ஒதுங்கும். நான் பாத்தனான்.”

நான் திரும்பி நெட்டையரிடம் சொன்னது இது: நேரம் கிடைத்தால், ஒருவேளை, வளைவுப் பக்கத்தை இன்னொரு முறை பார்வையிடுவது பயனுள்ளதாக இருக்கலாம் என்று ஓர் ஊழியர் நினைக்கிறார். நெட்டையர் “குட், குட்” என்று கொப்பியில் எழுதினார். எல்லாரும் கவசம் போடப் போனார்கள்.

மத்தியானம் பவளம் என்னிடம் வந்தார். கவசம் கழற்றவில்லை. முகத்தில் மண்.

“அண்ணை, நான் சொன்னது குறுக்கக் கதை. நீங்கள் நீட்டாச் சொன்னீங்கள்.”

“ஆங்கிலத்தில அப்பிடித்தான், பவளம். மரியாதையாச் சொல்லவேணும்.”

“அதில ஏலாது எண்ட சொல்லு வரேல்லையே. எனக்கு அந்தச் சொல்லுத் தெரியும். கைநூலில இருக்கு. காது குடுத்துக்கொண்டுதான் நிண்டனான்.”

நான் தண்ணீர்ப் போத்தலை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

“என்ர கதைக்கு நீங்கள் பட்டுச் சீலை உடுத்தி அனுப்புறீங்கள் அண்ணை. அங்க போய்ச் சேரேக்க அது என்ர கதையா இல்லை. உதுக்குத்தான் உங்களிட்டப் படிக்கமாட்டன் எண்டு சொன்னனான்.”

ஒரு பெண் என்னிடம் அப்படிக் கதைத்தால் நான் சும்மா விடுகிறவன் இல்லை. அன்று விட்டேன்.

மூன்று கிழமை போனது. நான் நெட்டையரிடம் மறுபடி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. விடுவிப்புக் கூட்டம் களத்துக் கூடாரத்தில் நடந்தது. நெட்டையர், நீங்கள், அரச அலுவலகத்தில் இருந்து வந்த இருவர், குடும்பங்களின் சார்பில் ஒரு விவசாயி, எங்கள் அணிகள். மேசையில் வரைபடம். வளைவுக்குப் பச்சை நிறம் அடித்திருந்தது. பச்சை என்றால் போகலாம், உழலாம், பிள்ளைகள் விளையாடலாம். கையெழுத்து வைக்க முன்பு நெட்டையர் பழக்கப்படி நிமிர்ந்து பார்த்தார்.

“எனி ஒப்பீனியன்?”

“நோ சேர்!”

அந்தச் சத்தம் அடங்க, பின்னுக்கு இருந்து ஒரு குரல். “யெஸ் சேர்.”

பவளம் எழுந்து நின்றார். மும்தாஜ் அவருடைய கையைப் பிடித்து இழுத்தாள். “அக்கா, இருங்கோ. கொன்ட்ராக்ட் இந்த மாதம்.” பவளம் கையை விடுவித்தார். நான் எழும்பினேன், வழக்கம் போல மொழிபெயர்க்க. பவளம் உள்ளங்கையை விரித்து என் பக்கம் காட்டினார். களத்தில் ‘நில், அசையாதே’ என்பதற்கு நாங்கள் காட்டுகிற சைகை அது.

“நீங்கள் இருங்கோ அண்ணை. நான் சொல்லுறன்.”

பிறகு ஆங்கிலத்தில் சொன்னார். “திஸ் லாண்ட் நொட் சேஃப், சேர். மை ஒப்பீனியன்.”

இந்தக் காணி பாதுகாப்பு இல்லை, இது என் கருத்து என்று. அவர் முன்னுக்கு வந்து வரைபடத்தில் விரல் வைத்தார். வரிசை இங்கே. ஐந்து இல்லை. தண்ணீர் இந்தப் பக்கம் இருந்து வரும். பாரமில்லாத சாமான் தண்ணீரோடு போகும். இங்கே நிற்கும். போத்தல் பார்த்தேன், செருப்பு பார்த்தேன், எண்ணெய்க் கலன் பார்த்தேன், எல்லாம் இங்கே. மிதிவெடியும் இங்கே. இவ்வளவையும் மூன்று சொல், நாலு சொல் வசனங்களில் சொன்னார். ஒவ்வொரு வசனமும் ஒரு அடையாளக் கட்டை அடிப்பது மாதிரி இறங்கியது.

எனக்கு அப்போதுதான் ஒரு விசயம் பிடிபட்டது. பவளத்தின் ஆங்கிலம் முழுக்க அந்தக் கைநூலில் இருந்து வந்தது. அபாயம், பாதுகாப்பு, இல்லை, நிறுத்து, இங்கே, அங்கே. அந்த நூலில் ‘ஒருவேளை’ இல்லை. ‘வசதிப்பட்டால்’ இல்லை. ‘நன்றியுடையவராக இருப்போம்’ இல்லை. உயிர் போகிற வேலைக்கு எழுதிய நூலில் அதெல்லாம் எதற்கு? நான் முப்பது வருடம் படித்த ஆங்கிலத்தில் மறுப்புக்கு இடம் இருக்கவில்லை. பவளம் ஓய்வு நேரங்களில் படித்த ஆங்கிலத்தில் மறுப்பைத் தவிர வேறு சாமான் அதிகம் இருக்கவில்லை.

நெட்டையர் குரலைக் குறைத்தார். எவ்வளவு நிச்சயமாகத் தெரியும் என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பவளத்திடம் ஆங்கிலம் இல்லை. ஒரு கணம் என்னைப் பார்ப்பார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. நெட்டையரையே பார்த்தார்.

“யூ வோக் தெயர், சேர்?”

நீங்கள் அங்கே நடப்பீர்களா என்று. ஆறரை அடி மனிதர் குனிந்து வரைபடத்தைப் பார்த்தார்.

“ஐ நொட் வோக்” என்று சொல்லிவிட்டுப் பவளம் போய்த் தன் இடத்தில் இருந்தார். மும்தாஜ் அவருடைய கையை அமத்திப் பிடித்தாள்.

நெட்டையர் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார். என் பக்கம் திரும்பினார். இது உனக்கு முன்பே தெரியுமா என்று மெதுவாகக் கேட்டார். தெரியும் என்றேன். மூன்று கிழமைக்கு முன்பு பவளம் என்னிடம் சொன்னார், நான் உங்களிடம் அதை வேறு மாதிரிச் சொன்னேன், பிழை என்னுடையது என்றேன். ‘தயவுசெய்து’ என்று தொடங்கவில்லை, ‘மன்னிக்கவும்’ என்று முடிக்கவில்லை. ஆங்கிலத்தில் நான் சொன்ன முதல் நேரான கதை அதுதான்.

அவர் கொப்பியைத் திறந்து, மூன்று கிழமைக்கு முந்திய பக்கத்தைத் தேடிப் பிடித்து வாசித்தார். நான் சொன்ன பட்டுச் சீலை அங்கே அப்படியே இருந்தது. வாசித்துவிட்டு, வரைபடத்தில் பச்சையின் மேல் சிவப்புப் பென்சிலால் கீறினார். விவசாயி எழும்பிக் கத்தினார். “இந்தப் போகமும் போச்சோ? ஒரு பொம்பிளையின்ர கதைக்கு எங்கட வயித்தில அடிக்கிறீங்களே!” அவரைக் குறை சொல்ல மாட்டேன். பவளம் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

வளைவில் வேலை தொடங்கியது. வண்டல் மண், ஈரம். வாரி இழுக்க இழுக்கச் சேறு மூடும். முதல் நாள் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் ஒன்றும் இல்லை. ஒரு கிழமை ஒன்றும் இல்லை. செருப்பு வந்தது, போத்தல் வந்தது. பகிடி தொடங்கியது.

“பவளக்கா, ஒரு சோடிச் செருப்புச் சேந்திட்டுது. உங்கட அளவோ பாருங்கோ.”

“போட்டுப் பாக்கிறன். நீ முதல் உன்ர ஒழுங்கையைப் பார்.”

பவளம் சிரித்தார். சாப்பிடவில்லை. சோற்றுப் பெட்டியைத் திறந்து அப்படியே மூடியதை நான் மூன்று நாள் கண்டேன். ஒன்றும் வராவிட்டால் ஒப்பந்தம் போகும். ஒன்பது குடும்பத்தின் போகத்தைக் கெடுத்தவள் என்ற பெயர் அவரோடு கனகராயன்குளம் வரைக்கும் போகும்.

பதினோராம் நாள் காலை விசில் கேட்டது. எல்லாரும் வாரியை வைத்துவிட்டு அசையாமல் நின்றோம். கையை உயர்த்தி நின்றது மும்தாஜ். ஒரு சாண் ஆழத்தில், வண்டலுக்குள், பக்கவாட்டில் சரிந்து, பச்சைப் பிளாஸ்ரிக். இரண்டு நாளில் இன்னும் மூன்று. எல்லாம் வளைவுக்குள், தண்ணீர் ஒதுக்கிய இடத்தில், அந்தச் செருப்புகளுக்குப் பக்கத்தில். ஐந்தாவது கிடைக்கவில்லை. வளைவு முழுவதையும் அடுத்த பக்கத்தையும் வாரி முடித்தும் கிடைக்கவில்லை.

நெட்டையர் பவளத்திடம் போய்த் தொப்பியைக் கழற்றினார். இந்த முறை முழங்காலில் வைக்கவில்லை, நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். நீ சொன்னது சரி, நான் சொன்னது பிழை என்றார். பவளம் கொஞ்சம் யோசித்து, என் பக்கம் திரும்பி, “அண்ணை, இப்ப நீங்கள் சொல்லுங்கோ. ஒண்டை ஆரும் எடுத்திருப்பினம். அதில சேர் சொன்னதும் பிழையில்லை” என்றார். அதை நான் ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன். என் வேலைக் காலத்தில் நான் பெருமைப்படுகிற மொழிபெயர்ப்பு அது ஒன்றுதான்.

அன்றைக்குப் பிறகு காலைக் கூட்டம் பத்து நிமிடம் நீண்டது. ‘எனி ஒப்பீனியன்?’ என்றால் ‘நோ சேர்’ சத்தம் உடனே வராது. ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். யாராவது ஒருவர், கைநூல் ஆங்கிலத்தில், நாலு சொல் சொல்லுவார். சில நாள் அது வெறும் தண்ணீர்ப் பிரச்சினை. சில நாள் ஒரு கால், ஒரு கை, ஒரு உயிர்.

இந்த நடைமுறையைத்தான் நீங்கள் தேவையில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வளைவில் இப்போது நெல் விளைகிறது. அன்று கத்திய விவசாயிதான் விதைக்கிறார். வருடா வருடம் பவளத்தின் வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசி அனுப்புகிறார். அவருக்கு ஞாபகம் இருக்கிறது. உங்களுக்கு மறந்துவிட்டதா, அல்லது நாலு சொல்லில் சொன்னது கருத்து என்று உங்களுக்குத் தெரியவில்லையா?

அடுத்த மாதம் கிளிநொச்சியில் நிறைவு விழா வைத்து இந்த அறிக்கையை வெளியிடப் போகிறீர்களாம். பவளத்துக்கும் அழைப்பு வந்திருக்கிறது. எனக்கும் வந்திருக்கிறது. நாங்கள் வருவோம். மேடையில் ஏறி, எல்லாருக்கும் கேட்கச் சொல்லுங்கள்: அன்று அந்தக் கூடாரத்தில் ஒரு பெண் எழுந்து நின்று உங்கள் வரைபடம் பிழை என்று சொன்னாரா, இல்லையா? ஓம் என்றால் அந்த வசனத்தை வெட்டுங்கள். இல்லை என்றால் அவருடைய முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்லுங்கள்.

ஆங்கிலத்திலேயே சொல்லுங்கள். நான் மொழிபெயர்க்க மாட்டேன். பவளம் முன் வரிசையில் இருப்பார்.